பரட்டை அண்ணனைக் கேட்டிருக்கிறாயா?

கண்ணு,

போன வாரம் நீ அனுப்பிய பாட்டைக் கேட்டேன். கிதாரில் ஆரம்பித்து, நடுவில் பழனிக்கு நடக்கிறவர்கள் பாடும் மெட்டுக்குத் திரும்பி, கடைசியில் முருகனிடம் நேருக்கு நேர் சண்டை போட்டு முடிகிறது. எனக்கு மிகவும் பிடித்தது. பாட்டோடு வந்த குரல் செய்திதான் பிடிக்கவில்லை. "அப்புச்சி, கேட்டவங்க நூறு பேர்கூட இல்ல. கோயில்ல இது சினிமாப் பாட்டாட்டம் இருக்குதுங்கறாங்க. காலேஜ்ல இது பஜனைங்கறாங்க. விட்டுடலாம்னு இருக்கேன்" என்றாய்.

போனில் பேசினால் பாதியில் வகுப்பு இருக்கிறது என்று வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுமையாகப் படி.

பரட்டை அண்ணன் என்று ஒருவர் இருந்தார். கேள்விப்பட்டிருக்க மாட்டாய். நம் ஊர் கொல்லங்கோட்டில் யாரைக் கேட்டாலும் தெரியாது. மதுரையிலேயே பல பேருக்குத் தெரியாது. அவருடைய முழுப் பெயர் ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு. 1940இல் பிறந்து 2005இல் மறைந்தவர். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஆயர். மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். பாட்டு எழுதுவார், மெட்டுப் போடுவார், பாடுவார், மற்றவர்களைப் பாட வைப்பார். பரட்டை என்பது அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். கலைந்த தலையோடு திரிகிறவன் என்று ஊரில் யாரையாவது கூப்பிடுவார்களே, அந்தப் பெயர். ஒரு குருவானவர் அப்படி ஒரு பெயரை எடுத்துக்கொள்வது சின்ன விஷயமல்ல. ஐயர் என்றும் அருள்திரு என்றும் கூப்பிடுகிற சபையில் 'பரட்டை அண்ணா' என்று கூப்பிடுங்கள் என்றால், நடுவில் இருக்கும் மேடையை எடுத்துவிடுங்கள் என்றுதான் பொருள்.

அவர் வந்த காலத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் இரண்டு வகைப் பாட்டு இருந்தது. ஒன்று, வெள்ளைக்கார மிஷனரிமார் கொண்டுவந்து தமிழில் பெயர்த்த ஞானப்பாட்டு. இன்னொன்று கீர்த்தனை. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இந்த இரண்டாம் வகையின் பெரிய ஆள். சரபோஜி மன்னரோடு ஒன்றாகப் படித்தவர். ராகமும் தாளமும் தெரிந்து எழுதியவர். அவர் பாட்டுகளை இன்றைக்கும் கிறிஸ்துமஸ் நேரத்தில் கேட்டால் நின்று கேட்கத் தோன்றும். அந்த அழகை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவரே, சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று சொன்ன மிஷனரிமாரோடு வாதாடி எழுதியவர் என்பதும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரிய கலைஞர்களிடம் இப்படி இரண்டும் சேர்ந்தே இருக்கும். கலையை வாங்கிக்கொள்ளலாம். மற்றதை வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

அப்பாவு தன் சபையில் பார்த்தது இது: ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்கார்ந்திருக்கிறவர்களில் பெரும்பாலானோர் கூலி வேலை செய்கிறவர்கள், ஒடுக்கப்பட்ட சாதிகளில் பிறந்தவர்கள். வயலில் நாற்று நடும்போது வாய் ஓயாமல் பாடுகிற பெண்கள், கோயிலுக்குள் வந்தால் வாயை மூடிக்கொள்கிறார்கள். அங்கே பாடுகிற தமிழ் அவர்கள் தமிழ் இல்லை. அங்கே போகிற சுருதி அவர்கள் தொண்டைக்கு எட்டுவதில்லை. புத்தகம் படிக்கத் தெரிந்தவர் பாடுவார், மற்றவர் உதட்டை அசைப்பார். இறைவனோடு பேசுவதற்கே இன்னொருவர் வீட்டு மொழியைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது என்றால், அந்த ஆளுக்குத் தன் வீட்டைப் பற்றி என்ன நினைப்பு வரும்?

அப்பாவு வழிபாட்டு முறை முழுவதையும் நாட்டுப்புற மெட்டில் அமைத்தார். ஒரு பாட்டு இரண்டு பாட்டு இல்லை. பாவ அறிக்கை, விசுவாச அறிக்கை, ஜெபம், ஆசீர்வாதம் எல்லாமே. பேச்சுத் தமிழில் எழுதினார். கூடவே பறையைக் கோயிலுக்குள் கொண்டுவந்தார். இந்த இடத்தில்தான் சண்டை வந்தது.

பறையை நீ மேடையில்தான் பார்த்திருப்பாய். பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். வளைவாகச் செதுக்கிய மரத்துண்டுகளை வட்டமாகச் சேர்த்து, இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருப்பார்கள். அதன்மேல் மாட்டுத்தோல். ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. அடிப்பதற்கு முன்னால் வைக்கோலையோ ஓலையையோ கூட்டித் தீ வைத்து, அந்த வெக்கையில் தோலைக் காய்ச்சுவார்கள். காட்டிக் காட்டி எடுத்து, விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்கள். முதலில் 'தொம்' என்று சத்தம் அமுங்கிப்போகும். காயக் காய மேலே ஏறி, ஒரு நேரத்தில் 'டணார்' என்று தெறிக்கும். அப்போது தோளில் மாட்டுவார்கள். வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் மெல்லிய நீளமான சிண்டுக்குச்சி. மழைக்காலமாக இருந்தால் பாதி நிகழ்ச்சியில் மறுபடியும் தீயைத் தேடி ஓட வேண்டும். நீ கிதாரின் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கிறாய். அவர்கள் நெருப்பில் சேர்க்கிறார்கள். அவ்வளவுதான் வேறுபாடு.

ஆனால் அந்தத் தோல் செத்த மாட்டின் தோல், அந்த அடி சாவு வீட்டு அடி என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி, அடிக்கிறவரையே தீட்டு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். கிறிஸ்தவர்களாக மாறியவர்கள் அந்த அவமானத்தைக் கழற்றி வைத்துவிட்டு வரத்தான் கோயிலுக்கே வந்தார்கள். அவர்களிடம் போய் "பறையை உள்ளே கொண்டு வா" என்றால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? அவர்கள் முகம் சுளித்ததை என்னால் ஒருநாளும் குறை சொல்ல முடியாது. அடி வாங்கின இடத்தை மறுபடி தொடச் சொன்னால் கை பின்னுக்குத்தான் போகும். இது தெரிந்தும் அப்பாவு கேட்டார். அவருடைய வாதம் நேரானது: இந்த மேளத்தில் ஒரு குற்றமும் இல்லை, இதை அடிக்கிறவரிடத்திலும் குற்றமில்லை, அவமானம் செய்தவருடையது, அப்படியிருக்க நாம் ஏன் நம் பொருளை விட்டுவிட்டு அவர்களுடைய பொருளை வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும்?

மதுரை அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவில் பெண் பிள்ளைகள் பறையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடுவதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். இன்றைக்குப் பறை கற்றுக்கொள்வது பெருமை. அது பெருமையாக இல்லாத நாளில் அதைத் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்குள் நடந்தவர்களில் பரட்டை அண்ணன் ஒருவர். அவருக்கு எந்தப் பத்மமும் வரவில்லை. அமெரிக்காவிலிருந்து ஜோயி ஷெரினியன் என்ற இசை ஆய்வாளர் வந்து, அவரிடம் கற்று, அவர் பாட்டுகளைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அது வெளிவந்தது 2014இல். அப்பாவு மறைந்து ஒன்பது ஆண்டு கழித்து.

இதுவரை சொன்னது அவர் வரலாறு. நான் உனக்கு எழுத உட்கார்ந்த காரணம் வேறு. அவர் பாட்டு செய்த விதத்தில் ஒன்று இருக்கிறது. நாட்டுப்புறப் பாட்டுக்கு உயிர் எங்கே இருக்கிறது என்று அவர் யோசித்தார். 1986இல் நாட்டார் வழக்காறும் சமூக மாற்றமும் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவர் கண்டது: கேட்ட ஆள் மாற்றிப் பாட முடிகிறது என்பதில்தான் அந்தப் பாட்டின் பலம். ஒரு ஊரில் பாடுவது அடுத்த ஊருக்குப் போகும்போது ஒரு வார்த்தை மாறும், ஒரு அடி கூடும், அந்த ஊர்க் குளமும் அந்த ஊர்ப் பண்ணையாரும் பாட்டுக்குள் வந்துவிடுவார்கள். தன் பாட்டுக்கும் அதுவே நடக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அச்சில் இருப்பதுபோலவே பாடு என்று நிற்கவில்லை. மக்கள் வாயில் போய் உருமாறினால்தான் அது அவர்களுடைய இறையியல் என்றார்.

இதைப் படித்தபோது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. தைப்பூசத்துக்குக் காவடி கிளம்பும்போது, நீ போன வருடம் எழுதிய பாட்டை நம் தெருப் பெண்கள் பாடிக்கொண்டு போனார்களே. மலையேறும் வரி வருகிற இடத்தில் சரசு அக்கா "முட்டி வலி தாங்கலியே முருகா" என்று தானாக ஒரு அடி சேர்த்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டே அதைப் பிடித்துக்கொண்டார்கள். பொள்ளாச்சி தாண்டும்வரை அந்த அடிதான் ஓடியது. நீ அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். "நான் எழுதினதக் கெடுத்துட்டாங்க" என்றாய். எனக்கு அன்றே சொல்லத் தோன்றியது, ஆனால் நடந்துகொண்டிருந்தபோது சொல்ல வேண்டாம் என்று விட்டேன். கண்ணு, அந்தப் பாட்டுக்கு அதைவிடப் பெரிய மரியாதை இனிமேல் கிடைக்காது. சரசு அக்கா முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு வருடா வருடம் நடக்கிறவர். உன் பாட்டில் அவருக்கு ஓர் இடம் இருந்தது. அவர் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார். நூறு பேர் கேட்டார்களா ஆயிரம் பேர் கேட்டார்களா என்று நீ பார்க்கிற எண்ணிக்கையில் இந்த ஒரு ஆள் வரவே மாட்டார். ஏனென்றால் அவர் கேட்கவில்லை, பாடினார்.

காவடிச் சிந்து எழுதிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரை நினைத்துப் பார். முப்பது வயதைத் தொடாமல் 1891இல் போய்விட்டார். காவடி தூக்குகிறவர்கள் நடைக்கும் ஆட்டத்துக்கும் ஏற்ற மெட்டை எடுத்துத்தான் அவர் எழுதினார். புலவர்களும் ஏற்றுக்கொண்டார்கள், தெருவில் போகிறவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அதைப் பாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

சரி, கிதாரைப் பற்றிப் பேசுவோம். கோயிலில் கிதார் கூடாது, ப்ளூஸ் பக்திக்கு ஒத்துவராது என்று உன்னிடம் சொன்னவர்களுக்கு ஒன்று தெரியாது. இதே சண்டை அமெரிக்காவில் கறுப்பின மக்களின் கோயில்களில் நடந்து முடிந்து தொண்ணூறு வருடம் ஆகிறது.

தாமஸ் டார்சி என்று ஒருவர் (1899–1993). சிகாகோவில் இரவு விடுதிகளில் 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் ப்ளூஸ் பியானோ வாசித்தவர். அந்த ப்ளூஸின் அழுகையையும் ஆட்டத்தையும் அப்படியே எடுத்து இறைவனைப் பாட ஆரம்பித்தார். பெரிய கோயில்கள் கதவைச் சாத்தின. சாராயக்கடைச் சத்தம் இங்கே வேண்டாம் என்றார்கள். 1932இல் அவர் வேறோர் ஊருக்குப் போயிருந்த நேரத்தில் மனைவி பிரசவத்தில் இறந்துபோனார். பிறந்த குழந்தையும் போய்விட்டது. அந்தத் துக்கத்தில் ஆண்டவரே கையைப் பிடித்துக்கொள்ளும் என்று அவர் செய்த பாட்டு, பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு மிகப் பிடித்த பாட்டானது. 1968இல் கிங்கின் இறுதிச் சடங்கில் பாடகி மகாலியா ஜாக்சன் அதைப் பாடினார். நம் ஒப்பாரிக்கும் அதற்கும் நான் பெரிய தூரம் பார்க்கவில்லை. இரண்டிலும் அழுகிறவர் கடவுளை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறார்.

அதே வழியில் ஒரு பெண், சிஸ்டர் ரொசெட்டா தார்ப். 1915இல் பிறந்தவர். சின்ன வயதிலிருந்து தாயோடு கோயில் கோயிலாகப் போய்ப் பாடியவர். மின்சாரக் கிதாரை எடுத்து சுவிசேஷப் பாட்டைப் பாடினார். ராக் இசை என்று ஒன்று பெயர் பெறும் முன்பே அதை வாசித்துவிட்டார். அவர் வாசித்ததைக் கேட்டுத்தான் பின்னால் வந்த பெரிய பெரிய ஆண்கள் பேர் வாங்கினார்கள். 1964இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்தில் ரயில் ஓடாத ஒரு பழைய ஸ்டேஷனில் அவருக்கு நிகழ்ச்சி வைத்தார்கள். கேட்க வந்தவர்கள் ஒரு பிளாட்பாரத்தில். எதிர்ப் பிளாட்பாரத்தில் இவர். சரியான மழை. குதிரை வண்டியில் வந்து இறங்கி, நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு, வெள்ளைக் கிதாரை மாட்டிக்கொண்டு நடந்து வந்தவர், நோவா காலத்து மழையைப் பற்றிய பாட்டிலேயே ஆரம்பித்தார். அந்தப் படம் இணையத்தில் இருக்கிறது. தேடிப் பார். நடுப் பாட்டில் அவர் கிதாரைத் தனியாக வாசிக்கிற இடத்தில் கையைப் பார்க்காதே, முகத்தைப் பார். அந்த முகத்தில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற யோசனை கொஞ்சமும் இல்லை.

1973இல் அவர் இறந்தபோது கல்லறையில் பெயர்க்கல் கூட வைக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் கழித்துத்தான் வைத்தார்கள். ராக் இசைக்கான பெருமை மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2018இல்.

இதை உனக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை. செத்த பிறகு பெயர் வரும், பொறுத்திரு என்று ஒரு பெரியவன் சின்னப் பிள்ளையிடம் சொல்வது சரியான பேச்சே இல்லை. அவருக்கு அநியாயம் நடந்தது. பெண் என்பதாலும் கறுப்பினத்தவர் என்பதாலும் நடந்தது. அப்பாவுவுக்கும் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை. அநியாயத்தை அநியாயம் என்றே வைத்துக்கொள். ஆனால் அவர்கள் பாட்டின் தரம் அந்தக் கணக்கில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நீயும் உன் பாட்டை இரண்டு கணக்காகப் பிரித்து வைத்துக்கொள்ளக் கற்க வேண்டும். எத்தனை பேர் கேட்டார்கள் என்பது ஊர்க் கணக்கு. பாட்டு சரியாக வந்ததா என்பது உன் கணக்கு. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதினால் ஒரு வருடத்தில் கிதாரை அட்டத்தில் போட்டுவிடுவாய்.

நம் பாலக்காடு மாவட்டத்திலேயே இருக்கிறாரே நஞ்சியம்மா, அட்டப்பாடியில். ஆடு மாடு மேய்த்து வாழ்ந்த இருளர் பெண். 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் வந்த பாட்டை எழுதியதும் அவர்தான், பாடியதும் அவர்தான். இருளர் மொழியில். நம் தமிழ்க் காதுக்குப் பாதிக்கு மேல் புரியும். அவரை அழைத்துவந்த இயக்குநர் சச்சி, படம் வந்த 2020ஆம் வருடமே போய்விட்டார். 2022இல் நஞ்சியம்மாவுக்குத் தேசிய விருது அறிவித்தபோது, முறையாகச் சங்கீதம் படித்தவர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும், இவரால் சுருதி பிடித்து ஒரு சாதாரணப் பாட்டைப் பாட முடியுமா என்று ஒரு குரல் எழுந்தது. ஊரே நஞ்சியம்மா பக்கம் நின்றது என்பது வேறு. அவர் அதற்கெல்லாம் சூடாகப் பதில் பேசிக்கொண்டிருக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அவர் பாட்டு மாடு மேய்க்கும்போது பிறந்தது, தாய் பாட்டியிடமிருந்து வந்தது. இன்னொருவருடைய அளவுகோலில் நிற்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

கலப்புப் பாட்டு என்று உன்னைச் சொல்கிறார்களே, கொல்லங்கோட்டில் கலக்காதது எது? காச்சாங்குறிச்சி பெருமாளை மலையாளத்தில் கும்பிடுகிறோம், பழனி முருகனைத் தமிழில் கூப்பிடுகிறோம். ஆலத்தூர், சித்தூர் பக்கம் பகவதி கோயில்களில் கண்ணியார்களி நடக்கும்போது காது கொடுத்துக் கேள். ஒரே பாட்டில் தமிழும் மலையாளமும் மாறி மாறி வரும். எது எங்கே முடிந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அய்யப்பன் விளக்கில் விடிய விடிய உடுக்கு அடித்துப் பாடுகிறவர்களிடம் இது எந்த மாநிலத்துப் பாட்டு என்று யாரும் கேட்பதில்லை. நம் ராஜாஸ் ஹைஸ்கூலில் வாத்தியாராக இருந்த மகாகவி பி. குஞ்ஞிராமன் நாயர், கோயில் கோயிலாக அலைந்து இந்த மலையையும் வயலையும் கடவுளையும் ஒன்றாகக் குழைத்து எழுதிக்கொண்டிருந்தார். எல்லையில் கோவிந்தாபுரம் செக்போஸ்டில் லாரியை நிறுத்திச் சோதிக்கிறார்கள். மெட்டை நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

லண்டனில் சுசீலா ராமன் என்று ஒருவர் இருக்கிறார். பெற்றோர் தமிழர்கள். ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, சின்ன வயதில் கர்நாடக சங்கீதம் படித்து, அப்புறம் ராக்கும் ப்ளூஸும் பாடினார். 2001இல் முதல் ஆல்பத்துக்கே இங்கிலாந்தின் மெர்குரி பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அப்படிப்பட்டவர் பிறகு கோவை கமலா அவர்களிடம் வந்து பக்திப் பாட்டுகளைக் கற்றுக்கொண்டார். 2011இல் வந்த 'வேல்' ஆல்பத்தைக் கேள். முருகனும் மின்சாரக் கிதாரும் ஒரே அறையில் இருப்பார்கள். லண்டனிலிருந்து ஒருவர் கோயம்புத்தூர் வரை வந்து வாங்கிப் போன சரக்கு, உன் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது.

இனிமேல் சொல்லப் போவது உனக்குக் கொஞ்சம் கசக்கலாம்.

அப்பாவுவின் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிற ஓர் எண்ணம் ஒரே உலை. எல்லோரும் கொண்டுவந்த அரிசியை ஒரே பானையில் போட்டுக் கொதிக்க வைத்து, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. திருவிருந்து என்று கிறிஸ்தவர்கள் சொல்வதை அவர் அப்படித்தான் புரிந்துகொண்டார். சின்ன அப்பத் துண்டும் ஒரு மிடறு ரசமும் அடையாளத்துக்கு வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய்த் தனித்தனி உலை வைக்கிறவர்களிடம் அவர் கேட்டது இந்தக் கேள்வியைத்தான்: யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய்? பக்தி அங்கே தெரிந்துவிடும் என்றார்.

நம் பக்கத்துக்கு வருகிறேன். முதலமடை என்றால் மாம்பழம் என்று நாடு முழுக்கத் தெரியும். மாங்காய் சீசனில் டெல்லிக்கு லோடு ஏறுகிறது. அதே முதலமடை பஞ்சாயத்தில் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி 2017இல் வேறொரு காரணத்துக்காகச் செய்தித்தாளில் வந்தது. தேநீர்க்கடையில் தங்களுக்குத் தனிக் கிளாஸ் என்று அங்கிருந்த பட்டியல் சமூகக் குடும்பங்கள் புகார் சொன்னார்கள். அதிகாரிகள் வந்தார்கள், கட்சிக்காரர்கள் வந்தார்கள், இல்லை என்றும் இருக்கிறது என்றும் மாறி மாறிப் பேசினார்கள். நான் இந்த மண்ணில் வயதானவன். நம் பக்கத்தில் இப்படியெல்லாம் கிடையாது என்று சொல்கிற வாய் எனக்கு வரவில்லை. எந்தத் திண்ணையில் யார் ஏறுவார்கள், யார் முற்றத்திலேயே நிற்பார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்து வளர்ந்தேன்.

நீ முருகனிடம் சண்டை போடுகிற பாட்டு எழுதியிருக்கிறாய். எனக்குப் பிடித்தது என்று முதலிலேயே சொன்னேன். ஆனால் அந்தச் சண்டை உன் மனசு சரியில்லை என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. தப்பில்லை, இருபது வயதில் அங்கிருந்துதான் ஆரம்பிக்க முடியும். அடுத்த பாட்டில் கொஞ்சம் தள்ளிப் போ. காவடி எடுத்துக்கொண்டு நடக்கும்போது எந்தெந்தத் தெரு வழியாகப் போகிறோம், எந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறோம் என்று பார். அந்தச் சுற்றிப் போகிற தெருவில் நிற்கிறவர்கள் பாடுகிறதுபோல ஒரு சரணம் எழுத முடியுமா? எழுதினால் கோயில்காரர்கள் இன்னும் கோபப்படுவார்கள். படட்டும். அப்பாவுவின் பாட்டு இனிமையாக மட்டும் இருந்திருந்தால் யாரும் அவரை எதிர்த்திருக்கவே மாட்டார்கள்.

வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. பாட்டையே சோறாக்கிக்கொள்ள இப்போது அவசரப்படாதே. அப்பாவு கடைசிவரை வாத்தியார். சம்பளம் ஓரிடத்தில் வந்ததால், பாட்டை விற்கிற பாட்டாக மாற்ற வேண்டிய நெருக்கடி அவருக்கு இல்லை. மாணவர்களோடு இருந்ததால் பாட்டு தமிழ்நாடு முழுக்க அவர்கள் போன ஊர்களுக்கெல்லாம் கூடவே போனது. உன் பி.எட். ஆசையை உன் அம்மா சொன்னாள். அதை விடாதே. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைவிட நல்ல பாடகர் கூட்டம் உனக்கு எங்கும் கிடைக்காது. வரியைக் கூசாமல் மாற்றிவிடுவார்கள்.

அப்புறம், சீக்கிரம் செய்ய வேண்டியது ஒன்று. நடவுப் பாட்டு தெரிந்த பெண்கள் இங்கே குறைந்துகொண்டே வருகிறார்கள். முக்கால்வாசி வயலில் மெஷின் நடுகிறது. மீதியில் வங்காளத்திலிருந்து வந்த பையன்கள் நடுகிறார்கள். அவர்களும் ஏதோ பாடுகிறார்கள், அதையும் கேட்க வேண்டும். போனில் பதிவு செய்து வைத்துக்கொள். பதிவு செய்யும்போது யார் பாடியது என்று பெயரை எழுதி வை, கேட்டுவிட்டு எழுது. அவர்கள் மெட்டை எடுத்து நீ பாட்டு செய்தால் அதைச் சொல்லிவிட்டுப் பாடு. மாற்றிப் பாடுவது ஒன்று, மறைத்து எடுப்பது இன்னொன்று. நஞ்சியம்மா பெயர் படத்தில் வந்ததால்தான் நமக்கு அவரைத் தெரியும். பெயர் வராமல் போன பாட்டுக்காரிகள் எத்தனை பேர் என்று யாரிடமும் கணக்கில்லை.

பறை கற்றுக்கொள்ள விருப்பம் என்று முன்பு ஒருமுறை சொன்னாய். கற்றுக்கொள். ஆனால் மேடைக்காகச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சி வகுப்போடு நிறுத்தாதே. காய்ச்சத் தெரிந்த, சாவு வீட்டில் அடித்த, அடித்துவிட்டுக் கூலிக்குக் காத்து நின்ற ஒரு பெரியவரிடம் போய் உட்கார். முதல் நாளே குச்சியைக் கையில் கொடுக்க மாட்டார். டீ வாங்கிக் கொடு, நீயும் அவரோடு அதே கடையில் குடி. அவர் பேசுவார். பேச்சில்தான் அடி இருக்கிறது.

நீ லீவுக்கு எப்போது வருகிறாய் என்று சரசு அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறார். முட்டி வலி அடிக்கு மேல் இன்னும் இரண்டு அடி அவர் சேர்த்துவிட்டார். ஒன்று மருமகளைப் பற்றி. அதை இங்கே எழுத முடியாது, நேரில் வந்து கேட்டுக்கொள். அமிர்தா எக்ஸ்பிரஸ் காலையில் நம் ஸ்டேஷனில் நிற்கிறது. உன் ஹாஸ்டலிலிருந்து ராத்திரியே கிளம்பினால் பாலக்காட்டில் பிடித்துவிடலாம். கிதாரைக் கொண்டு வா. வந்ததும் தந்தியைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள். அவர்கள் எல்லாரும் உன்னைவிடக் கீழ்ச் சுருதியில்தான் பாடுவார்கள்.

அன்புடன்,
அப்புச்சி